வானிலிருந்து விழுவோரின் வேகம்: உயரத்துக்கு உயரம் அளப்பதும் ஒப்பிடுவதும்

மாணவர்களே, இயக்கம், விசை, வளிமண்டலம் என்னும் மூன்று பாடப்பகுதிகளையும் நீங்கள் வெவ்வேறாகவே கற்றிருப்பீர்கள். முதல் இரண்டும் விஞ்ஞானப் பாடத்தில் வருபவை. மூன்றாவதைப் புவியியலிலும் படித்திருப்பீர்கள். இம்மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஒரு நிகழ்வை இக்கட்டுரையில் நோக்குவோம். விமானத்திலிருந்தோ பலூனிலிருந்தோ ஒருவர் பரசூட்டை விரிக்காது விழும்போது அவருடைய வேகம் எவ்வாறு மாறுகிறது, அதனை எவ்வாறு அளப்பது, வெவ்வேறு உயரங்களில் விழுந்த இருவரை எவ்வாறு ஒப்பிடுவது என்பனவே நமது வினாக்கள்.

இவ்விடயத்தைப் பாடமாக்கி எழுத முற்படுபவர்கள் வழமையாக ஓரிடத்தில் வழுக்கிவிடுவர். "மேலிருந்து விழும் பொருளின் வேகம் கூடிக்கொண்டே போகும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவர். அது அரைவாசி உண்மை மட்டுமே. மிகுதி அரைவாசியை விளங்கிக்கொண்டால் இப்பகுதியில் எந்த வினா வந்தாலும் அஞ்சத் தேவையில்லை.

1. முதலில் சொற்களைத் தெளிவாக்குவோம்

கதி என்பது ஓரலகு நேரத்தில் சென்ற தூரம். இது எண்ணிக் கணியம். வேகம் என்பது ஓரலகு நேரத்தில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சி. இது காவிக் கணியம். அதாவது இதற்குத் திசையும் உண்டு. வானிலிருந்து விழுபவர் கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டாகவும் நகரக்கூடும். காற்று அவரைத் தள்ளும். அவர் தமது கைகால்களை மடக்கி நீட்டியும் பக்கவாட்டாகச் செல்ல முடியும். ஆகவே விழும் வேகம் என்று நாம் கூறும்போது நிலைக்குத்தாகக் கீழ்நோக்கிய வேகத்தையே கருதுகிறோம்.

ஆர்முடுகல் என்பது வேகம் மாறும் வீதம். வேகம் குறைந்து செல்லுமாயின் அதனை அமர்முடுகல் என்கிறோம்.

சுயாதீன வீழ்ச்சி என்னும் சொல்லில் கவனம் தேவை. பௌதிகவியலில் புவியீர்ப்பு விசை மாத்திரம் தாக்கும்போது நிகழும் வீழ்ச்சியே சுயாதீன வீழ்ச்சியாகும். வான்பாய்ச்சல் வீரர்களோ பரசூட் விரியும்வரையுள்ள காலம் முழுவதையும் அப்பெயரால் அழைக்கின்றனர். உண்மையில் முதற் சில செக்கன்களின் பின்னர் வளித்தடை பலமாகத் தாக்கத் தொடங்கிவிடும். எனவே அவர்களது "சுயாதீன வீழ்ச்சி" நமது பாடப்புத்தகத்தின் சுயாதீன வீழ்ச்சியன்று.

2. விழுபவர்மீது தாக்கும் இரு விசைகள்

(அ) நிறை. இது கீழ்நோக்கித் தாக்கும்.
நிறை = திணிவு × புவியீர்ப்பினாலான ஆர்முடுகல்
விழும் காலம் முழுவதும் இது ஏறக்குறைய மாறாது. 39 கிலோமீற்றர் உயரத்திற் கூடப் புவியீர்ப்பினாலான ஆர்முடுகல் 9.8 இலிருந்து ஏறத்தாழ 9.7 ஆக மட்டுமே குறைகிறது.

(ஆ) வளித்தடை. இது இயக்கத்துக்கு எதிராக, அதாவது மேல்நோக்கித் தாக்கும். இது நான்கு காரணிகளில் தங்கியுள்ளது.
- விழும் வேகம் (வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன்)
- வளியின் அடர்த்தி
- வளியை எதிர்கொள்ளும் உடலின் பரப்பளவு
- உடலின் வடிவமும் நிலையும்

தென்னையிலிருந்து தேங்காயும் காய்ந்த ஓலையும் ஒரே நேரத்தில் கழன்றால் எது முதலில் நிலத்தை அடையும் என்பது உங்களுக்குத் தெரியும். தேங்காயின் நிறையுடன் ஒப்பிடுகையில் அதன்மீதான வளித்தடை மிகச் சிறிது. ஓலையிலோ நிறை குறைவு, பரப்பளவு கூட. எனவே அது ஆடி அசைந்து இறங்குகிறது. வளி இல்லாத இடத்தில் இரண்டும் ஒன்றாகவே விழும்.

நான்கு காரணிகளுள் முதலாவதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். உபகரணங்களுடன் சேர்த்து ஒருவரின் திணிவு 80 கிலோகிராம் என்க. புவியீர்ப்பினாலான ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் அவரது நிறை 800 நியூற்றன். செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் வளித்தடையும் 800 நியூற்றன் ஆகிறதெனக் கொள்வோம்.

வேகம் 0 ஆக இருக்கையில்: வளித்தடை 0. விளையுள் விசை 800 நியூற்றன். ஆர்முடுகல் 10.
வேகம் 25 ஆக இருக்கையில்: வேகம் அரைவாசி, ஆகவே வளித்தடை நாலில் ஒன்று, அதாவது 200 நியூற்றன். விளையுள் விசை 600 நியூற்றன். ஆர்முடுகல் 7.5.
வேகம் 40 ஆக இருக்கையில்: வளித்தடை 512 நியூற்றன். விளையுள் விசை 288 நியூற்றன். ஆர்முடுகல் 3.6.
வேகம் 50 ஆக இருக்கையில்: வளித்தடை 800 நியூற்றன். விளையுள் விசை 0. ஆர்முடுகல் 0.

(வேகம் செக்கனுக்கு மீற்றரிலும், ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு மீற்றரிலும் தரப்பட்டுள்ளன.)

இறுதி வரியை நன்றாகக் கவனியுங்கள். ஆர்முடுகல் பூச்சியமாகும்போது மனிதர் நின்றுவிடவில்லை. மாறா வேகத்துடன் விழுந்துகொண்டே இருக்கிறார். இவ்வேகமே முடிவு வேகம் எனப்படும். "விளையுள் விசை பூச்சியம், ஆகவே பொருள் ஓய்விலுள்ளது" என எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம். நியூற்றனின் முதலாம் விதிப்படி விளையுள் விசை பூச்சியமாயின் பொருள் ஓய்விலிருக்கலாம் அல்லது மாறா வேகத்துடன் இயங்கலாம்.

3. சாதாரண பாய்ச்சலின் வேக-நேர வரைபு

பொழுதுபோக்காகக் குதிப்போர் பெரும்பாலும் 4,000 மீற்றர் அளவிலான உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேறுகின்றனர். வயிறு கீழ்நோக்க, கைகால்களை விரித்து விழும்போது முடிவு வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 தொடக்கம் 200 கிலோமீற்றராகும். தலைகீழாக உடலை ஒடுக்கி விழுந்தால் அது மணிக்கு 250 கிலோமீற்றரையும் தாண்டும். ஆளும் அவரே, நிறையும் அதுவே. மாறியது பரப்பளவும் வடிவமுமே. எதிர்காற்றில் சைக்கிள் ஓடும்போது குனிந்துகொள்வதன் காரணமும் இதுதான்.

மேலே கூறிய 80 கிலோகிராம் மனிதருக்குக் கணித்துப் பெற்ற வேகங்கள் வருமாறு. இங்கு வளியின் அடர்த்தி மாறாதெனக் கொள்ளப்பட்டுள்ளது.

நேரம் 0 செக்கன் - வேகம் 0
நேரம் 2 செக்கன் - வேகம் 19.0
நேரம் 4 செக்கன் - வேகம் 33.2
நேரம் 6 செக்கன் - வேகம் 41.7
நேரம் 8 செக்கன் - வேகம் 46.1
நேரம் 10 செக்கன் - வேகம் 48.2
நேரம் 12 செக்கன் - வேகம் 49.2
நேரம் 14 செக்கன் - வேகம் 49.6

வரைபுத்தாளில் இதனை வரைந்து பாருங்கள். தொடக்கத்தில் வளையி செங்குத்தாக எழும். பின்னர் மெல்ல மெல்லச் சரிந்து கிடையாகும். படித்திறன் ஆர்முடுகலைத் தரும். படித்திறன் குறைந்து செல்வது ஆர்முடுகல் குறைந்து செல்வதைக் காட்டும். வளையியின் கீழுள்ள பரப்பளவு விழுந்த தூரத்தைத் தரும். முதல் 10 செக்கனுக்கான பரப்பளவைச் சரிவகங்களாகப் பிரித்துக் கண்டால் ஏறத்தாழ 330 மீற்றர் கிடைக்கும். வளித்தடை இல்லையெனின் இதே 10 செக்கனில் 500 மீற்றர் விழுந்திருப்பார்.

இங்கு மாணவர் பலர் குழம்புவதுண்டு: "ஆர்முடுகல் குறைகிறது" என்பதும் "வேகம் குறைகிறது" என்பதும் ஒன்றல்ல. மேலுள்ள அட்டவணையில் ஆர்முடுகல் குறைந்துகொண்டே போகிறது. வேகமோ கூடிக்கொண்டே போகிறது.

4. உயரம் கூட வளி ஐதாகிறது

இதுவரை வளியின் அடர்த்தி மாறாதெனக் கொண்டோம். உண்மையில் உயரே செல்லச் செல்ல வளி ஐதாகிக்கொண்டே போகிறது. அடர்த்தி குறைந்தால் அதே வேகத்தில் வளித்தடையும் குறையும். ஆகவே நிறைக்குச் சமமான வளித்தடை உண்டாவதற்கு அவர் மேலும் வேகமாக விழவேண்டும். சுருங்கக் கூறின், உயரத்தில் முடிவு வேகம் கூட.

வளித்தடை அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் சார்ந்தது. ஆகவே முடிவு வேகம், அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதசமனாகும். அடர்த்தி நாலில் ஒன்றாகக் குறைந்தால் முடிவு வேகம் இரு மடங்காகும்.

நியம வளிமண்டலத்தின் அடர்த்தியைப் பயன்படுத்தி, கடல்மட்டத்தில் முடிவு வேகம் செக்கனுக்கு 50 மீற்றர் ஆகவுள்ள ஒருவருக்கு ஏனைய உயரங்களில் அது எவ்வளவாகும் எனக் கணித்துள்ளோம். அடர்த்தி கன மீற்றருக்குக் கிலோகிராமிலும், வேகம் செக்கனுக்கு மீற்றரிலும் உள்ளன.

கடல்மட்டம் - அடர்த்தி 1.225 - முடிவு வேகம் 50
1,000 மீற்றர் - அடர்த்தி 1.112 - முடிவு வேகம் 52.5
2,000 மீற்றர் - அடர்த்தி 1.007 - முடிவு வேகம் 55.1
3,000 மீற்றர் - அடர்த்தி 0.909 - முடிவு வேகம் 58.0
4,000 மீற்றர் - அடர்த்தி 0.819 - முடிவு வேகம் 61.1
10,000 மீற்றர் - அடர்த்தி 0.414 - முடிவு வேகம் 86
20,000 மீற்றர் - அடர்த்தி 0.0889 - முடிவு வேகம் 186
30,000 மீற்றர் - அடர்த்தி 0.0184 - முடிவு வேகம் 408

ஒலியின் கதியை அண்மித்ததும் வளித்தடை சற்று வேறு விதமாக நடந்துகொள்ளும். ஆகவே இறுதி வரியை மதிப்பீடாக மட்டுமே கொள்க. ஆயினும் போக்கு தெளிவானது. மாறன் மண்டலத்தினுள் முடிவு வேகம் இரு மடங்கைக் கூட எட்டவில்லை. படைமண்டலத்தில் அது பல மடங்காகப் பாய்கிறது.

5. வேகத்தை எவ்வாறு அளக்கின்றனர்?

விழுபவரின் உடலில் கதிமானி பூட்ட முடியாது. அவரது உயரத்தைத் தொடர்ந்து அளந்து, உயர வித்தியாசத்தை நேரத்தால் வகுப்பதே வழி.

சராசரி வேகம் = உயர வித்தியாசம் ÷ எடுத்த நேரம்

(அ) அமுக்க உயரமானி. வளியமுக்கத்தை அளந்து உயரமாக மாற்றும் கருவி இது. கடல்மட்டத்தில் அமுக்கம் ஏறத்தாழ 1,013 மில்லிபார். அங்கு 8 மீற்றர் அளவு ஏறினால் அமுக்கம் 1 மில்லிபார் குறையும். 30 கிலோமீற்றர் உயரத்தில் அமுக்கம் 12 மில்லிபார் மாத்திரமே. அங்கு 1 மில்லிபார் குறைய 500 மீற்றருக்கும் கூடுதலாக ஏறவேண்டும். எனவே தாழ்ந்த உயரங்களில் நம்பகமான இக்கருவி, மிக உயரத்தில் சிறு வழுவையும் பெரும் உயர வழுவாக்கிவிடும்.

(ஆ) ஜீ.பீ.எஸ். கருவி. செய்மதிகளிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கொண்டு இடத்தையும் உயரத்தையும் தரும். இது வளியமுக்கத்தில் தங்கியிருப்பதில்லை. ஆகவே படைமண்டலப் பாய்ச்சல்களுக்கும் பொருத்தமானது.

வேகப் பாய்ச்சல் என ஒரு போட்டியே உண்டு. யார் அதிவேகமாக விழுகிறார் என்பதே அதில் கேள்வி. முன்னர் இப்போட்டியில் 2,700 மீற்றருக்கும் 1,700 மீற்றருக்கும் இடைப்பட்ட 1,000 மீற்றரைக் கடக்கும் சராசரி வேகமே கணிக்கப்பட்டது. வீரரின் உடலின் இரு பக்கங்களிலும் ஒவ்வோர் அமுக்கக் கருவி பொருத்தப்பட்டு, இரு பெறுமானங்களினதும் சராசரி எடுக்கப்பட்டது. 2016 இல் சுவீடன் நாட்டு ஹென்றிக் ரைமர் இம்முறையில் மணிக்கு 601.26 கிலோமீற்றரை எட்டினார். இதனைச் செக்கனுக்கு மீற்றராக மாற்ற 3.6 ஆல் வகுக்கவேண்டும், விடை 167. அதாவது அந்த 1,000 மீற்றரையும் அவர் 6 செக்கனுக்குள் கடந்துவிட்டார்.

ஏன் எல்லோருக்கும் அதே 2,700 - 1,700 மீற்றர்? 4 ஆம் பகுதியின் அட்டவணையைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒருவரை 4,000 மீற்றரிலும் மற்றவரை 1,000 மீற்றரிலும் அளந்தால், திறமை சமமாக இருந்தாலும் உயரத்தில் அளக்கப்பட்டவரே முன்னிற்பார்.

பின்னர் விதி மாற்றப்பட்டது. இப்போது ஜீ.பீ.எஸ். கருவியால் பதிவுசெய்து, குறித்த உயர எல்லைக்குள் கிடைத்த மிகச் சிறந்த 3 செக்கனின் சராசரி நிலைக்குத்து வேகத்தை எடுக்கின்றனர். ஒரு கணத்தின் வேகத்தை எடுக்காது 3 செக்கனை எடுப்பது ஏன்? செக்கனுக்கு 140 மீற்றர் வேகத்தில் விழுபவர் 0.2 செக்கனில் 28 மீற்றர் விழுவார். உயர அளவீட்டில் 1 மீற்றர் வழு நேர்ந்தாலே வேகத்தில் ஏறத்தாழ 3.6 சதவீத வழு வந்துவிடும். 3 செக்கனில் அவர் 420 மீற்றர் விழுவார். அங்கு அதே 1 மீற்றர் வழு 0.24 சதவீதமே. செய்முறையில் ஊசலின் ஓர் அலைவுக்குப் பதிலாக 20 அலைவுகளின் நேரத்தை அளந்து வகுக்கிறோமல்லவா? அதே தத்துவந்தான் இதுவும்.

6. நியாயமான ஒப்பீடு: ஒரு பயிற்சி

அருண் 3,000 மீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 54 மீற்றர் முடிவு வேகத்துடன் விழுந்தார். நிசாம் 1,000 மீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 51 மீற்றர் முடிவு வேகத்துடன் விழுந்தார். உண்மையில் வேகமாக விழக்கூடியவர் யார்?

மேலோட்டமாகப் பார்த்தால் அருண். ஆனால் இருவரையும் ஒரே உயரத்துக்கு, கடல்மட்டத்துக்கு, கொண்டுவந்து ஒப்பிடுவோம். எமது அட்டவணைப்படி கடல்மட்டத்தில் 50 ஆகவுள்ள வேகம் 3,000 மீற்றரில் 58.0 ஆகவும் 1,000 மீற்றரில் 52.5 ஆகவும் இருக்கும்.

அருண்: 54 × 50 ÷ 58.0 = 46.6
நிசாம்: 51 × 50 ÷ 52.5 = 48.6

ஆகவே ஒரே வளியில் விழுந்தால் நிசாமே முந்துவார். அளவீடுகளை ஒப்பிடுமுன் நிபந்தனைகள் சமமா எனப் பார்க்கவேண்டும் என்பதே இதன் பாடம். பரிசோதனைகளில் "மாறாது பேணப்படும் காரணிகள் யாவை?" என்று கேட்பதும் இதற்காகவே.

பலர் வானில் கைகோத்து உருவம் அமைக்கும் பாய்ச்சல்களில் இவ்வொப்பீடு விளையாட்டுக் கணக்கு மட்டுமன்று. எல்லோரும் ஒரே வேகத்தில் விழாவிடின் ஒருவர் மற்றவர்மீது மோதுவர். அதனால் வேகமாக விழும் இயல்புடையவர் தளர்வான உடையும் மெதுவாக விழுபவர் இறுக்கமான உடையும் அணிவர்.

7. படைமண்டலத்திலிருந்து பாய்ந்தவர்கள்

ஜோசப் கிற்றிங்கர், 1960 ஓகஸ்ட் 16. அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த இவர், நியூ மெக்சிக்கோவுக்கு மேலே பலூனில் 31,333 மீற்றர் உயரம் சென்று குதித்தார். உடல் சுழலாதிருக்க நிலைப்படுத்தும் சிறு பரசூட் ஒன்று அவருக்குப் பின்னால் விரிந்திருந்தது. உச்ச வேகம் மணிக்கு 988 கிலோமீற்றர் எனக் கூறப்படுகிறது. பிரதான பரசூட் விரியும்வரை 4 நிமிடம் 36 செக்கன் விழுந்தார். மேலே செல்கையில் அவரது வலக் கையுறையில் அமுக்கம் இல்லாது போய்க் கை வீங்கியது. அத்தனை உயரத்தில் வளியமுக்கம் எவ்வளவு குறைவென்பதற்கு அந்தக் கையே சாட்சி.

1962 நவம்பர் 1. சோவியத் ஒன்றியத்தில் இருவர் ஒரே பலூனில் ஏறி 25 கிலோமீற்றருக்கு மேல் சென்றனர். எவ்கெனி அந்திரேயெவ் நிலைப்படுத்தும் பரசூட் இன்றி 24,500 மீற்றர் தூரம் விழுந்து பாதுகாப்பாக இறங்கினார். பியோத்தர் தொல்கோவ் வெளியேறும்போது அவரது தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி சேதமடைந்தது. உடையிலிருந்த அமுக்கம் வெளியேறியதால் அவர் உயிரிழந்தார்.

பீலிக்ஸ் போம்கார்ட்னர், 2012 ஒக்டோபர் 14. ஒஸ்திரியாவைச் சேர்ந்த இவர், நியூ மெக்சிக்கோவின் ரொஸ்வெல் நகரிலிருந்து பலூனில் 38,969.4 மீற்றர் உயரம் சென்று குதித்தார். நிலைப்படுத்தும் பரசூட் விரியவில்லை. உச்ச வேகம் மணிக்கு 1,357.6 கிலோமீற்றர், அதாவது அவ்விடத்து ஒலியின் கதியின் 1.25 மடங்கு. தரையிலிருந்து அவருடன் வானொலியில் பேசி வழிநடத்தியவர் அப்போது 84 வயதான அதே கிற்றிங்கரே.

அலன் யூஸ்டஸ், 2014 ஒக்டோபர் 24. அமெரிக்கரான இவர் அதே ரொஸ்வெல்லிலிருந்து 41,419 மீற்றர் உயரம் சென்றார். கூண்டு எதுவுமின்றி, அமுக்க உடையுடன் பலூனில் தொங்கியவாறே சென்றார். நிலைப்படுத்தும் பரசூட்டைப் பயன்படுத்தினார். உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,320 கிலோமீற்றர்.

இங்கு ஒரு வினா எழவேண்டும். யூஸ்டஸ் கூடிய உயரத்திலிருந்து குதித்தும் உச்ச வேகம் ஏன் குறைந்தது? நிலைப்படுத்தும் பரசூட் வளியை எதிர்கொள்ளும் பரப்பளவைக் கூட்டியதே காரணம். ஆகவேதான் சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனம் அப்பரசூட்டுடன் விழுந்த சாதனைகளையும் இன்றி விழுந்த சாதனைகளையும் வெவ்வேறு வகைகளாகப் பதிவுசெய்கிறது.

அப்படியாயின் அச்சிறு பரசூட் எதற்கு? ஐதான வளியில் கைகால்களை அசைத்து உடலைத் திருப்ப முடியாது. பற்றிப் பிடிக்க அங்கு போதிய வளியில்லை. போம்கார்ட்னர் குதித்த சிறிது நேரத்தில் அவரது உடல் கட்டுப்பாடின்றிச் சுழலத் தொடங்கியது. சுழற்சி வேகம் எல்லை மீறினால் இரத்தம் தலைக்குப் பாய்ந்து நினைவிழக்க நேரிடும். அடர்த்தியான வளிக்குள் வந்த பின்னரே அவரால் உடலை நேராக்க முடிந்தது. வேகத்தைக் கூட்டிய அதே ஐதான வளிதான் உயிருக்கும் ஆபத்தாக நின்றது.

8. ஒரு பாய்ச்சலைப் பகுதி பகுதியாக அளப்போம்

போம்கார்ட்னரின் பாய்ச்சலில் பதிவான பெறுமானங்களை எடுத்துக்கொள்வோம். உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து தரப்பட்டுள்ளன. குதித்து 34 ஆவது செக்கனில் 33,446 மீற்றரில் ஒலியின் கதியைத் தாண்டினார். 50 ஆவது செக்கனில் 27,833 மீற்றரில் உச்ச வேகத்தை அடைந்தார். 64 ஆவது செக்கனில் 22,961 மீற்றரில் மீண்டும் ஒலியின் கதிக்குக் கீழே வந்தார். ஏறத்தாழ 260 ஆவது செக்கனில், மொத்தம் 36,402.6 மீற்றர் விழுந்த பின், பரசூட்டை விரித்தார். ஒவ்வொரு பகுதியினதும் சராசரி வேகத்தைக் காண்போம்.

0 - 34 செக்கன்: 5,523 மீற்றர் ÷ 34 = 162
34 - 50 செக்கன்: 5,613 மீற்றர் ÷ 16 = 351
50 - 64 செக்கன்: 4,872 மீற்றர் ÷ 14 = 348
64 - 260 செக்கன்: 20,394 மீற்றர் ÷ 196 = 104

முழுப் பாய்ச்சலின் சராசரி: 36,402.6 ÷ 260 = 140. ஆனால் உச்ச வேகம் செக்கனுக்கு 377 மீற்றர். சராசரி வேகத்தை மட்டும் பார்த்தால் இப்பாய்ச்சலின் சிறப்பே தெரியாமற் போய்விடும்.

இப்போது ஒவ்வொரு பகுதியையும் விளக்குவோம்.

முதற் பகுதி: ஓய்விலிருந்து 34 செக்கனில் 5,523 மீற்றர். தூரம் = ½ × ஆர்முடுகல் × நேரத்தின் வர்க்கம் என்பதிலிருந்து ஆர்முடுகல் = 2 × 5,523 ÷ 1,156 = 9.6. அவ்வுயரத்தில் புவியீர்ப்பினாலான ஆர்முடுகல் 9.7. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். அதாவது அங்கு வளி மிக ஐதாகையால், அவர் பாடப்புத்தகம் கூறும் சுயாதீன வீழ்ச்சிக்கு மிக அண்மையில் இருந்தார்.

இரண்டாம் பகுதி: வேகம் இன்னும் கூடுகிறது. ஆனால் வளித்தடையும் வளர்வதால் ஆர்முடுகல் குறைகிறது. 50 ஆவது செக்கனில் வளித்தடை நிறைக்குச் சமமாகிறது. உச்ச வேகத்தில் ஆர்முடுகல் பூச்சியம்.

மூன்றாம் பகுதி: முக்கியமான இடம் இதுவே. சாதாரண பாய்ச்சலில் முடிவு வேகத்தை அடைந்தவர் பெரிதும் மாறாத வேகத்துடன் விழுவார். இங்கோ அவர் ஒவ்வொரு செக்கனும் மேலும் அடர்த்தியான வளிக்குள் நுழைகிறார். வளித்தடை நிறையை மிஞ்சுகிறது. விளையுள் விசை மேல்நோக்கியது. கீழ்நோக்கி விழுந்துகொண்டே அமர்முடுகுகிறார்.

நான்காம் பகுதி: உயரம் குறையக் குறைய முடிவு வேகமும் குறைகிறது, அவரது வேகமும் அதனைப் பின்தொடர்ந்து குறைகிறது. ஆகவேதான் ஒலியை முந்தியவர் பரசூட்டை விரிக்கும் வேளையில் சாதாரண வீரரைப் போன்றே விழுந்துகொண்டிருந்தார்.

எனவே "விழும் பொருளின் வேகம் கூடிக்கொண்டே போகும்" என்பது இங்கு பொய்யாகிறது. 50 ஆவது செக்கனுக்குப் பின் மூன்றரை நிமிடங்கள் அவரது வேகம் குறைந்துகொண்டே சென்றது.

பாய்ந்த அன்று அறிவிக்கப்பட்ட பெறுமானங்கள் 39,045 மீற்றரும் மணிக்கு 1,342.8 கிலோமீற்றருமாகும். பதிவுகளை ஆராய்ந்து 2013 இல் உறுதிசெய்யப்பட்டவையே மேலே தந்தவை. உயரம் சற்றுக் குறைந்தது. வேகம் சற்றுக் கூடியது. முதல் வாசிப்பையே முடிந்த முடிபாகக் கொள்ளாமை அளவீட்டின் ஒழுக்கமாகும்.

9. வேகத்தை அறிவது உயிரைக் காக்கும்

வான்பாய்ச்சல் வீரர் நினைவிழந்தால் பரசூட்டை யார் விரிப்பது? இதற்கென ஒரு தன்னியக்கக் கருவி உண்டு. 1991 இல் ஜேர்மனியில் வெளிவந்த சைப்ரஸ் என்னும் கருவி இவ்வகையில் பிரசித்தமானது. அது வளியமுக்க மாற்றத்திலிருந்து உயரத்தையும் வேகத்தையும் கணித்துக்கொண்டே இருக்கும். அனுபவமுள்ளோருக்கான வகையில், தரையிலிருந்து ஏறத்தாழ 225 மீற்றர் உயரத்திலும் செக்கனுக்கு 35 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்துடன் விழுவாராயின், மேலதிகப் பரசூட்டை அது தானாகவே விடுவிக்கும். செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் 225 மீற்றரைக் கடக்க 4.5 செக்கன் போதும். அந்த நாலரைச் செக்கனுக்குள் ஒரு வகுத்தற் கணக்கைச் சரியாகச் செய்வதே அக்கருவியின் வேலை. நீங்கள் வகுப்பில் செய்யும் "தூரம் ÷ நேரம்" என்பதும் அதே கணக்குத்தான்.

10. மாணவர் வழமையாக விடும் தவறுகள்

- பரசூட் விரிந்ததும் மனிதர் மேலே செல்கிறார் என எழுதுதல். விளையுள் விசைதான் மேல்நோக்கியது, இயக்கம் கீழ்நோக்கியதே. காணொளியில் மேலே செல்வதுபோலத் தெரிவது, படம் பிடிப்பவர் தொடர்ந்து வேகமாக விழுவதாலாகும்.
- திணிவு கூடியவருக்குப் புவியீர்ப்பினாலான ஆர்முடுகல் கூட என எழுதுதல். அது எல்லோருக்கும் சமம். நிறை கூடியவருக்கு அதனைச் சமன்செய்யக் கூடிய வளித்தடை தேவைப்படுவதால் முடிவு வேகம் கூட.
- மணிக்குக் கிலோமீற்றரையும் செக்கனுக்கு மீற்றரையும் கலந்து கணித்தல். முதலில் அலகை மாற்றுங்கள்.
- சராசரி வேகத்தை உச்ச வேகமாகக் கொள்ளுதல்.

11. பயிற்சி வினாக்கள்

(1) ஒருவர் 2,700 மீற்றரிலிருந்து 1,700 மீற்றருக்கு 8 செக்கனில் விழுந்தார். சராசரி வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரில் தருக.
(2) 90 கிலோகிராம் திணிவுள்ளவர் முடிவு வேகத்தில் விழுகிறார். அவர்மீதான வளித்தடை யாது?
(3) அவரது வேகம் முடிவு வேகத்தின் அரைவாசியாக இருந்தபோது ஆர்முடுகல் யாது?
(4) வளியின் அடர்த்தி ஒன்பதில் ஒன்றாகக் குறைந்தால் முடிவு வேகம் எத்தனை மடங்காகும்?
(5) யூஸ்டஸ் 37,617 மீற்றரை 4 நிமிடம் 27 செக்கனில் விழுந்தார். சராசரி வேகத்தைக் கண்டு போம்கார்ட்னருடையதுடன் ஒப்பிடுக.

விடைகள்
(1) 1,000 ÷ 8 = செக்கனுக்கு 125 மீற்றர்; 125 × 3.6 = மணிக்கு 450 கிலோமீற்றர்.
(2) 90 × 10 = 900 நியூற்றன், மேல்நோக்கி.
(3) வளித்தடை 225 நியூற்றன்; விளையுள் விசை 675 நியூற்றன்; ஆர்முடுகல் 675 ÷ 90 = 7.5.
(4) 3 மடங்கு.
(5) 37,617 ÷ 267 = செக்கனுக்கு ஏறத்தாழ 141 மீற்றர். உச்ச வேகம் வேறுபட்டும் சராசரி வேகங்கள் ஏறக்குறையச் சமம்.

நினைவிற் கொள்க: விழும் வேகத்தைத் தீர்மானிப்பது புவியீர்ப்பு மாத்திரமன்று, நிறைக்கும் வளித்தடைக்கும் இடையிலான போட்டியே. அப்போட்டியில் உயரத்துக்கு உயரம் வளியின் பலம் மாறுகிறது. ஆகவே எந்த வேகத்தைக் கண்டாலும் "எந்த உயரத்தில், எத்தனை செக்கனின் சராசரி, எந்த உடல் நிலையில்?" என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். ஒப்பிடும் வினா எதுவாயினும் விடை எழுதத் தொடங்குமுன் இவ்வாறு கேட்டுப் பழகுவது பயன் தரும்.